செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் காதைக் கொடுங்கள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, பைக் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. புது பேட்டரி மாமா, மாத்தி பத்து நாள்கூட ஆகல." மதுரை ஒத்தக்கடையில் வீடு, கோரிப்பாளையத்தில் வேலை, எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் நாள்தான் வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் முடிந்திருந்தது. அவ்வளவு மரியாதை செய்த பிறகும் பட்டனை அமுக்கினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி.

"பத்து நாள் முன்னாடி எதுக்குடா பேட்டரி மாத்துன?"

"இதே பிரச்சனைதான் மாமா. கடையில பேட்டரி போச்சுன்னாங்க, மாத்தினேன், சரியாயிடுச்சு."

சரியாகிவிட்டதாம். இப்படிச் சரியாகிற கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் மெக்கானிக் கிடையாது. இருபது வருஷமாகப் பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டியதிலும், திருமங்கலம் ரோட்டில் ஒரு பட்டறையில் மணிக்கணக்காக நின்று வேடிக்கை பார்த்து அந்த அண்ணனிடம் திட்டு வாங்கியதிலும் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அதில் எனக்குப் புரிய ரொம்ப நாள் பிடித்த ஒரே ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பேட்டரியில் வோல்ட் இருக்கிறது என்பது வேறு, அந்தப் பேட்டரியிலிருந்து மோட்டார் வரைக்கும் போய்த் திரும்ப கரண்ட் ஓடுகிறது என்பது வேறு.

நம்ம ஊர்ப்பக்கத்து உதாரணமே சொல்கிறேன். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கிறது, கரையில் நின்று பார்த்தால் கடல் மாதிரி இருக்கிறது. ஆனால் மடையில் மண் அடைத்துக் கிடந்தால் கீழே வயலுக்கு என்ன வரும்? கசிவுதான் வரும். ஒரு செடிக்கு ஊற்ற அந்தக் கசிவு போதும், நடவுக்குப் போதாது. வண்டியில் ஹெட்லைட் அந்தச் செடி, ஸ்டார்ட்டர் மோட்டார் நடவு வயல்.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும், பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். 35 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். ஹாரனும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டாரோ இன்ஜினை, அதாவது உள்ளே அழுத்தம் ஏறி நிற்கிற பிஸ்டனை, உருட்டித் தள்ள வேண்டும். அதற்குப் பல பத்து ஆம்பியர் வேண்டும், கணக்குக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். இப்போது வழியில் எங்கோ ஒரு போல்ட்டில் துரு ஏறி, வெறும் 0.1 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். 1827-ல் ஜார்ஜ் ஓம் என்கிற ஜெர்மன்காரர் சொல்லி வைத்த விதிப்படி, அந்த இடத்தில் இழக்கிற வோல்ட் என்பது கரண்ட்டைத் தடையால் பெருக்கினால் வருவது. ஹெட்லைட் அந்த வழியாகப் போனால் 3 பெருக்கல் 0.1, வெறும் 0.3 வோல்ட் நஷ்டம், கண்ணுக்கே தெரியாது. மோட்டார் அதே வழியில் 50 ஆம்பியர் கேட்டால் 5 வோல்ட் அங்கேயே காலி. 12-ல் 5 போனால் மீதி 7. ஏழு வோல்ட்டில் மோட்டார் முனகும், சுற்றாது.

அதனால்தான் "லைட் நல்லா எரியுது, ஹாரன் கணீர்னு அடிக்குது, ஆனா செல்ஃப் எடுக்கல" என்று வருகிறவர்களைப் பார்த்துப் பட்டறை அண்ணன் சிரிப்பார். லைட் எரிவதை வைத்துப் பேட்டரி நல்லது என்றும் சொல்ல முடியாது, வயர் நல்லது என்றும் சொல்ல முடியாது. முழுசாகச் செத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

பட்டனுக்கும் மோட்டாருக்கும் நேரடி உறவு இல்லை

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் நினைப்பது, செல்ஃப் பட்டனை அமுக்கினால் கரண்ட் பட்டன் வழியாக மோட்டாருக்குப் போகிறது என்று. அப்படிப் போனால் அந்த மெல்லிய வயரும் பட்டனும் புகைந்துபோகும். உண்மையில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று சின்னப் பாதை: பேட்டரி, ஃபியூஸ், சாவி, பட்டன், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் என்று பல கதவுகளைத் தாண்டி ரிலே வரைக்கும் கொஞ்சூண்டு கரண்ட் போகும். இன்னொன்று பெரிய பாதை: பேட்டரி பாசிட்டிவ், தடித்த வயர், ரிலேயின் இரண்டு போல்ட், மறுபடி தடித்த வயர், மோட்டார். அங்கிருந்து திரும்பி வர இன்ஜின் உடம்பு, அப்புறம் எர்த் வயர், பேட்டரி நெகட்டிவ். ரிலே என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். சின்னப் பாதையில் கரண்ட் வந்தால் உள்ளே ஒரு காந்தம் உண்டாகி, ஒரு செம்புத் தகட்டை இழுத்து இரண்டு போல்ட்டையும் சேர்த்துவைக்கும். அந்தத் தகடு போய் ஒட்டுகிற சத்தம்தான் நீங்கள் கேட்கிற "டக்".

ஆக, அந்த ஒரு சத்தம் வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. சின்னப் பாதை ரிலே வரைக்கும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டனைக் கழற்ற வேண்டாம், கிளட்ச் சுவிட்சைச் சந்தேகப்பட வேண்டாம், பிரச்சனை பெரிய பாதையில்தான். சத்தமே வரவில்லை என்றால் முதலில் சின்னப் பாதையில் தேட வேண்டும். பார்க்கப் போனால் ஒரு பைசா செலவில்லாமல் காதால் செய்கிற சோதனை இது. காலையில் டிராஃபிக் சத்தத்துக்கு நடுவில் கேட்காது என்பது மட்டும்தான் குறை. அப்போது ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்குங்கள், அடிக்கிறது விரலில் தெரியும். பெரும்பாலும் பக்கவாட்டுக் கவருக்கு உள்ளே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும், தடித்த சிவப்பு வயர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் கிடைத்துவிடும்.

அப்புறம் "டிக்டிக்டிக்டிக்" என்று மரங்கொத்தி மாதிரி விடாமல் அடிக்கிற சத்தம் ஒன்று உண்டு. இது ஏன் வருகிறது என்று புரிந்துகொள்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பட்டனை அமுக்கியதும் ரிலே ஒட்டுகிறது. ஒட்டிய கணமே மோட்டார் பெரிய கரண்ட்டைக் கேட்கிறது. பேட்டரிக்குத் தெம்பு இல்லை, அதன் வோல்ட் சடாரென்று விழுகிறது. விழுந்ததும் ரிலேயைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்துக்கும் பலம் போய், தகடு விடுபடுகிறது. விடுபட்டதும் மோட்டாருக்குப் போகிற கரண்ட் நின்று, பேட்டரி மூச்சு வாங்கி வோல்ட் ஏறுகிறது. ஏறியதும் ரிலே மறுபடி ஒட்டுகிறது. இது நொடிக்குப் பல தடவை நடக்கிறது. அந்த நேரத்தில் வண்டியின் ஸ்பீடோமீட்டர் விளக்கும் சேர்ந்து துடிக்கும். இந்தச் சத்தம் கேட்டால் பத்துக்கு எட்டு தடவை பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரி டெர்மினலிலேயே, அதாவது வயர் மாட்டுகிற முனையிலேயே, பிடிப்பு இல்லை. எட்டு என்பது என் அனுபவக் கணக்கு, யாரும் அளந்து சொன்னதில்லை.

ஒரே ஒரு "டக்", அதற்கப்புறம் அமைதி என்றால் மீட்டர் விளக்கைப் பாருங்கள். அமுக்கும்போது விளக்கு மங்கி அணைகிற மாதிரி போனால், கரண்ட் ஓடுகிறது ஆனால் பேட்டரியால் கொடுக்க முடியவில்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகிக்கிடக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் பெரிய பாதையில் கரண்ட்டே ஓடவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது: ரிலேயின் உள்தகடு கரிந்துபோயிருக்கலாம், மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எர்த் வயர் விட்டிருக்கலாம்.

"விர்ர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் கரண்ட் பக்கம் பிரச்சனையே இல்லை, மோட்டாரை இன்ஜினோடு சேர்க்கிற ஒன்வே கிளட்ச் போயிருக்கும், அது பட்டறை வேலை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் செல்ஃப் தன் கடமையைச் செய்துவிட்டது, இனி ப்ளக், பெட்ரோல் பக்கம் போக வேண்டும். அதற்கு முன்னால் தயவுசெய்து ஹேண்டிலில் இருக்கிற, இன்ஜினை அணைக்கிற கில் சுவிட்சைப் பாருங்கள். கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தினால் யாராவது ஒரு வாண்டு ஏறி உட்கார்ந்து அந்தச் சிவப்பு சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகும். சில வண்டிகளில் கில் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தாலும் செல்ஃப் சுற்றும், பற்றாது. நானே ஒருதரம் அழகர்கோவில் போய்விட்டுத் திரும்புகிற வழியில் முக்கால் மணி நேரம் ப்ளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். மொட்டை அடிக்க வந்த ஒரு பெரியவர்தான் சுவிட்சைக் காட்டினார். அதற்கப்புறம் எனக்கு முதலில் அதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

சின்னப் பாதையின் கதவுகள்

சத்தமே இல்லாத கேஸ்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சாவியைப் போட்டும் நியூட்ரல் விளக்குகூட எரியவில்லை என்றால் ஃபியூஸ், இல்லையென்றால் டெர்மினல். ஃபியூஸ் பெட்டியிலேயே பெரும்பாலும் ஒரு ஸ்பேர் ஃபியூஸ் வைத்திருப்பார்கள், நிறைய பேருக்கு அது தெரியாது. பட்டை ஃபியூஸில் நிறத்தை வைத்தே அளவு சொல்லலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு போன இடத்தில் மஞ்சளைச் சொருகாதீர்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிற வித்தையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அவர்கள் வண்டி எரிந்திருக்க வேண்டும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ பாசிட்டிவ் வயர் தோல் உரிந்து பாடியில் படுகிறது. ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியையும், கூடுதலாக மாட்டிய எல்.இ.டி. விளக்கு, டபுள் ஹாரன் வயர்களையும் முதலில் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் "டக்" இல்லை என்றால் நியூட்ரலில் போட்டு, கிளட்சையும் முழுக்கப் பிடித்து, சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு அமுக்கிப் பாருங்கள். கிளட்ச் லீவரை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே அமுக்கினால் ஒருதரம் எடுக்கிறதா? அப்படியானால் லீவருக்கு அடியில் இருக்கிற குட்டி சுவிட்ச்தான் குற்றவாளி. கியரில் இருக்கும்போது எடுக்கவில்லை, நியூட்ரலில் எடுக்கிறது என்றாலும் கிளட்ச் சுவிட்ச் அல்லது சைடு ஸ்டாண்டு. மேலூர்ப் பக்கம் வயக்காட்டு வழியே ஓடுகிற வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு அப்பிக் காய்ந்து கல்லாகிக் கிடக்கும், கழுவினாலே சரியாகும். ஸ்கூட்டரில் கதை வேறு, பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பிரேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கத்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அமுக்கினால் அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம்.

மீட்டரை எங்கே வைப்பது

காது சொன்னதை உறுதிசெய்ய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் மீட்டரே போதும். டி.சி. 20 வோல்ட் என்கிற இடத்தில் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் பக்கம் திருப்பி வைத்துப் பேட்டரியில் குத்தினால் மீட்டருக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது, நான் ஒன்றை அப்படி அனுப்பிவைத்தேன்.

வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, சாவி போடாமல், சிவப்பு ஊசியைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆக முழு சார்ஜில் 12.6-க்கு மேல் காட்டும், மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி 12.8 வரைக்கும் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம், 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறதே என்று சந்தோஷப்படக் கூடாது. வண்டி ஓடி நிறுத்தியவுடன் அளந்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும், அதனால்தான் ராத்திரி நிற்கட்டும் என்கிறேன்.

ஆனால் சும்மா நிற்கும்போது அளப்பது கண்மாய்க் கரையில் நின்று பார்க்கிற மாதிரிதான். ஊசியை எடுக்காமல் செல்ஃபை அமுக்கி, அந்த நேரத்தில் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்ல பிள்ளை. 12.7 காட்டிக்கொண்டிருந்தது அமுக்கியதும் 6, 5 என்று விழுந்தால், முந்தின நாள் முழுக்க சார்ஜ் போட்டும் அப்படித்தான் என்றால், பேட்டரி உள்ளே செத்துவிட்டது. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் வண்டியில் இதைத்தான் பார்ப்பீர்கள். பதினோரு மாதம் போர்வை போர்த்தி நிற்கிற வண்டியில் பேட்டரி தானாக இறங்கி, இறங்கிய நிலையிலேயே கிடந்து, ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அது படிந்தால் சார்ஜ் போட்டாலும் மேலோட்டமாக வோல்ட் மட்டும் ஏறும். இதற்கு நம்ம ஊர் வெயிலும் ஒரு காரணம், கத்திரி வெயிலில் ஷெட் இல்லாமல் நிற்கிற வண்டிக்குப் பேட்டரி வேகமாக இறங்கும், சீக்கிரம் கெடும். குளிர் நாட்டுக்காரர்கள் குளிரைத் திட்டுவார்கள், நாம் மே மாதத்தைத் திட்ட வேண்டியதுதான்.

அமுக்கினாலும் வோல்ட் அசையாமல் 12.4, 12.5 என்றே நின்றால்? பேட்டரி சூப்பர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேட்டரியிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை என்று அர்த்தம். வழி அடைத்திருக்கிறது.

அடைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அந்த மீட்டர் தன் விலையைத் திருப்பிக் கொடுக்கிறது. நல்ல வயர் என்றால் அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசமே இருக்கக் கூடாது, பெரிய கரண்ட் ஓடும்போது போனால் போகிறது என்று 0.2, 0.3 வோல்ட் வரை விடலாம். எனவே ஒரு ஊசியைப் பேட்டரி பாசிட்டிவ் முனையிலும், இன்னொன்றை ரிலேயின் முதல் போல்ட்டிலும் வைத்துப் பட்டனை அமுக்குங்கள். அடுத்து ரிலேயின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில், இங்கே அமுக்காதபோது 12 காட்டுவது இயல்பு, அமுக்கும்போதும் 12 என்றால் உள்தகடு கரிந்துவிட்டது. அடுத்து ரிலேயின் இரண்டாவது போல்ட்டுக்கும் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவில். கடைசியாக, எல்லாரும் மறந்துவிடுகிற இடம், இன்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு இடத்துக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவில். எந்த இடத்தில் வோல்ட் அதிகமாகக் காட்டுகிறதோ அங்கேதான் மண் அடைத்திருக்கிறது. அமுக்குவது நாலைந்து நொடிக்கு மேல் வேண்டாம், விட்டு விட்டுச் செய்யுங்கள், மோட்டார் சூடாகும். வண்டி நியூட்ரலில்தான் இருக்க வேண்டும், திடீரென்று ஸ்டார்ட் ஆனாலும் ஆகிவிடும்.

பட்டறைகளில் ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொறி பறக்க மோட்டார் சுற்றினால் பெரிய பாதை சரி, ரிலேயோ அதற்கு முந்தியதோ கோளாறு என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். எனக்கு இது பிடிக்காது. கியரில் இருந்தால் வண்டி பாயும், ஏனென்றால் நீங்கள் எல்லாப் பாதுகாப்புக் கதவுகளையும் தாண்டிப் போகிறீர்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் பொறியே போதும். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நடுரோட்டில் வேறு வழியில்லாத அன்றைக்கு மட்டும் செய்யுங்கள், டிரைவர் முனை பாடியில் பட்டுவிடாமல்.

அப்போ அந்த வண்டிக்கு என்னதான் ஆச்சு

நான் ஒத்தக்கடை போனபோது மாலை இன்னும் ஹேண்டிலில் வாடிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி சும்மா நிற்கும்போது 12.7. அமுக்கச் சொன்னேன். "டக்". மீட்டரில் 12.5. விளக்கு மங்கவே இல்லை. "பாத்தியா மாப்ள, உன் பேட்டரி மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். பாசிட்டிவ் பக்கம் எங்கே வைத்தாலும் சுழியத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. இன்ஜினுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் ஊசியை வைத்து அமுக்கச் சொன்னதும் மீட்டர் 10.9 என்றது. அவனுக்குப் புரியவில்லை, எனக்கு ஜிவ்வென்று இருந்தது. பேட்டரி கொடுக்கிறதில் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஒரு எர்த் வயரிலேயே நின்றுவிடுகிறது, மோட்டாருக்கு ஒன்றரை வோல்ட் போய்ச் சேருகிறது.

எர்த் வயர் இன்ஜினில் வந்து மாட்டுகிற போல்ட்டைக் கழற்றினோம். பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஆனால் அதற்கு முன்னால் பேட்டரியில் நெகட்டிவைக் கழற்றிவிட்டோம். எப்போதும் நெகட்டிவ் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். ஏனென்றால் நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், பல வண்டிகளில் அந்தத் தடித்த வயருக்கு நடுவில் ஃபியூஸும் கிடையாது. சரி, போல்ட் கையோடு வந்தது, இறுக்கமே இல்லை. வயர் நுனியில் இருக்கிற வளையத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு, பழைய கோயில் குத்துவிளக்கு அடிப்பாகம் மாதிரி. போல்ட் உட்காருகிற இடத்தில் துருவும், அதன் மேல் முந்தின நாள் வாட்டர் சர்வீஸில் அடித்த தண்ணீரும். களிம்பு ஒரே நாளில் வந்ததல்ல, வருஷக்கணக்காக வந்திருக்கும். பிரஷர் பம்ப் தண்ணீர் கடைசித் தள்ளு தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். பத்து நாள் முன்னால் புது பேட்டரி மாட்டியபோது வயரை அப்படி இப்படி அசைத்திருப்பார்கள், அதில் கொஞ்சம் பிடிப்புக் கிடைத்திருக்கும். அதைத்தான் "சரியாயிடுச்சு" என்றான்.

உப்புத்தாள் வைத்து வளையத்தையும் போல்ட்டையும் இன்ஜின் பக்கத்து இடத்தையும் செம்பு செம்பாக, இரும்பு இரும்பாகத் தெரிகிற வரை தேய்த்தோம். இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம், ஈரம் ஏறாமல் இருக்க. முதலில் தடவிவிட்டு இறுக்குவதைவிட இறுக்கிவிட்டுத் தடவுவது நல்லது. அமுக்கினான். அரை நொடிகூட ஆகவில்லை, பிடித்துக்கொண்டது.

ஸ்டார்ட் ஆனதோடு நான் விடவில்லை. ஓடுகிற வண்டியில், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனைகளில் மறுபடி அளந்தேன். 14.2. இது 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் வண்டி பேட்டரியை சார்ஜ் பண்ணவில்லை, கரண்ட் உண்டாக்குகிற ஸ்டேட்டர் காயிலையோ, அதை அளவோடு பேட்டரிக்கு விடுகிற ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது, பேட்டரியை வேகவைத்துக் கொன்றுவிடும். மூணு மாசத்துக்கு ஒரு பேட்டரி மாற்றுகிறவர்கள் இந்த ஒரு அளவை எடுத்திருந்தால் காசு மிச்சம். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதன் மேல் நாம் நாலு விளக்கு மாட்டி, வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்கு மட்டும் செல்ஃப் போட்டுப் போய் வந்தால், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வண்டிக்கு நேரமே கிடைக்காது.

"கிக்கர் இருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லல்ல மாமா" என்றான். பாதி சரிதான். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் ப்ளக்குக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியைக் கேட்காமல் இன்ஜினுக்குள் இருக்கிற காயிலிலிருந்தே வரும், பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுகூட கிக் அடித்து ஓட்டலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்கிற புகை விதி வந்தபோது பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு, பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோல் பம்ப் ஓடவே பேட்டரி வேண்டும். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தால் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். சாவி போட்டால் வண்டி மீட்டருக்கே உயிர் வராத அளவுக்குக் காலி என்றால், யானைமலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. கியர் இல்லாத ஸ்கூட்டரை எந்தக் காலத்திலும் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, இன்ஜின் வேகமெடுத்தால்தான் அதன் கிளட்ச் பிடிக்கும், சக்கரம் சுற்றுவதால் இன்ஜின் சுற்றாது.

மணி எட்டு இருபது. மாலையை எடுத்து வேப்பமரத்தில் போட்டுவிட்டுக் கிளம்பினான். கிளம்புவதற்கு முன்னால் கேட்டேன், "அந்தப் பழைய பேட்டரி எங்கடா?"

"எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன் மாமா. முந்நூறு ரூபா கழிச்சாங்க."

அதை யாருமே அளந்து பார்க்கவில்லை.